ஊறல் பானையும் ஐஸ் பெட்டியும்

பீர் காய்ச்சுகிறவர் அரை நாள் பாடுபட்டுச் செய்யும் வேலையை வன்னியம்பட்டிப் பக்கத்துப் பனைமரம் சத்தமில்லாமல் செய்துவிடும். பார்லியை முளைகட்டி, காயவைத்து, உடைத்து, வெந்நீரில் ஊறப்போட்டு வடித்தால் கிடைக்கிற இனிப்பு நீரில் சர்க்கரை 100-க்கு 10 முதல் 12 பங்கு இருக்கும். பாளை சீவிவிட்ட பனையிலிருந்து கலயத்தில் சொட்டுகிற நீரிலும் கிட்டத்தட்ட அதே அளவு சர்க்கரைதான். மேற்கொண்டு வேண்டியது ஈஸ்ட் மட்டும். அதுவும் பாளையிலும் காற்றிலும் பழைய கலயத்தின் உட்புறத்திலும் தயாராகக் காத்திருக்கிறது. விடிகாலையில் இறக்கியது மதியத்துக்குள் நுரைத்துப் பொங்கிவிடும்.

வன்னியம்பட்டி இருக்கும் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தின் மது வரலாற்றில் தானியம் ஊறவைக்கும் பாத்திரத்துக்கு இடமில்லாமல் போனதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. மேற்கே மலையடிவாரத்தில் தென்னையும் மாவும். கிழக்கே சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் போகப் போகக் கரிசலும் பனையும். கம்பும் சோளமும் கூழுக்கே இழுபறியாக இருந்த மானாவாரி பூமியில், மரம் சும்மா கொடுப்பதை விட்டுவிட்டுத் தானியத்தைக் கொண்டுபோய் ஊறப்போட யாருக்கு மனம் வரும்? ஆனால் தமிழ்நாட்டில் எல்லாக் காலத்திலும் எல்லா இடத்திலும் இப்படித்தான் இருந்தது என்று சொல்லிவிட முடியாது. இங்கேயும் ஊறல் சாடி இருந்தது. அதற்கு எழுத்துச் சாட்சியும் இருக்கிறது.

அதற்கு முன் அந்தப் பாத்திரம் எதற்கு என்று பார்த்துவிடலாம். தானியத்தில் இருப்பது மாவு. மாவை ஈஸ்ட் தொடாது; சர்க்கரையாக உடைத்துக் கொடுத்தால்தான் தின்னும். உடைக்கிற நொதிகளைத் தானியம் முளைவிடும்போது தானே உண்டாக்கிக்கொள்கிறது. முளைகட்டிய கேழ்வரகு மாவில் காய்ச்சிய கஞ்சி, சாதாரண மாவில் காய்ச்சியதைவிட நீர்த்து இருப்பதைக் கைக்குழந்தை உள்ள எந்த வீட்டிலும் பார்க்கலாம். அதே வேலைதான் பீர்க்காரரின் தொட்டியிலும் நடக்கிறது, பெரிய அளவில்.

தொல்லை சூட்டில் இருக்கிறது. 60 முதல் 65 டிகிரி செல்சியஸில் ஒரு நொதி மும்முரமாக வேலை செய்து, ஈஸ்ட் மிச்சமின்றித் தின்னக்கூடிய சர்க்கரையைத் தரும். 68-லிருந்து 72 வரை இன்னொன்றின் கை ஓங்கும். அது ஈஸ்ட் சீண்டாத கனத்த சர்க்கரைகளையும் விட்டுவைக்கும். முன்னதில் பீர் மெலிந்து, நாக்கில் வறண்டு நிற்கும். பின்னதில் கனமும் லேசான தித்திப்பும் தங்கும். 80-ஐ நெருங்கினால் இரண்டுமே செத்துவிடும். ஆகவே 5 கிலோ தானியமும் 15 லிட்டர் வெந்நீரும் சேர்ந்த ஒரு கூழை, ஒரு மணி நேரத்துக்கு, ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் இறங்காமல் வைத்திருக்க வேண்டும். அடுப்பிலேயே வைத்தால் அடி பிடிக்கும், மேல் ஆறும். குளிர்நாட்டுச் சமையலறையில் வெறும் பாத்திரத்தில் வைத்தால் மளமளவென்று இறங்கும். இதற்காகத்தான் சூடு காக்கும் தொட்டி.

இங்கிலாந்தில் நெடுங்காலம் ஓக் மரப் பலகையில் தொட்டி கட்டினார்கள். தடித்த மரம் தானே கம்பளி போலச் சூட்டைப் பிடித்துவைக்கும். வெப்பமானி பழக்கத்துக்கு வருமுன், கொதித்த நீரின் ஆவி அடங்கி அதில் முகம் தெரிகிற வரை ஆறவிட்டுத் தானியத்தைக் கொட்டுவது வழக்கம். 18-ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் ஜேம்ஸ் பேவர்ஸ்டாக் என்ற இளைஞர் தன் குடும்பத்து பீர் ஆலைக்கு வெப்பமானியைக் கொண்டுவந்தபோது, இந்தப் புதுமோஸ்தர் சமாச்சாரமெல்லாம் பிடிக்காத அப்பாவின் கண்ணில் படாமல் ஒளித்துவைத்துத்தான் பயன்படுத்த வேண்டியிருந்தது என்று அந்தத் தொழிலின் வரலாற்றில் எழுதியிருக்கிறார்கள். தொழில் வீடுகளில் அப்பாக்கள் எல்லா நாட்டிலும் ஒரே மாதிரிதான் போலிருக்கிறது.

இனித் தமிழ்ச் சாட்சி. பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை, காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பற்றிக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. பரிசில் தேடிப் போகும் பாணனுக்கு வழியில் எந்தக் குடியில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டே போகும் பாட்டு அது. வலைஞர் குடியிருப்பில் சுட்ட மீனும் அதற்குத் துணையாக ஒரு பானமும் கிடைக்கும் என்கிற இடத்தில், புலவர் அந்தப் பானத்தின் செய்முறையையே சொல்லிவிடுகிறார். தீட்டாத அரிசியைக் களியாகக் காய்ச்ச வேண்டும். அகன்ற வாயுள்ள தட்டில் கொட்டித் துழாவி ஆறவிட வேண்டும். அதில் அடையைக் கலக்க வேண்டும். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிய வேண்டும். வலுத்த வாயுள்ள சாடியில் முற்றி விளைந்ததை விரலால் அலைத்துப் பிழிந்து எடுக்க வேண்டும். சமையல் குறிப்புக்கு வேண்டிய எல்லாம் இருக்கிறது, அளவைத் தவிர.

உரை எழுதிய நச்சினார்க்கினியர் அந்த அடையை நெல்முளையை இடித்துச் செய்ததாகக் கொள்கிறார். அப்படியானால் அது சாட்சாத் பீர்க்காரரின் முளைதானியம், மால்ட் தான். ஆனால் புலவர் அடைக்குச் சொல்லும் உவமை புற்றின் உள்ளே இருக்கும் குரும்பி. துளைதுளையாக, பூஞ்சை படர்ந்து வெளுத்திருக்கும் புற்றாஞ்சோற்றைக் கண்டவர்களுக்கு வேறொரு சந்தேகம் எழலாம். ஜார்க்கண்ட், ஒடிசாப் பக்கத்துப் பழங்குடி மக்கள் சோற்றிலிருந்து 'ஹண்டியா' காய்ச்சும்போது, மூலிகையும் அரிசி மாவும் சேர்த்துப் பிடித்துப் பூஞ்சையும் ஈஸ்டும் ஏறவிட்ட உருண்டைகளைப் போடுகிறார்கள். வலைஞர் வீட்டு அடையும் அந்த வகையாக இருந்திருக்கலாம். முளையா, பூஞ்சையா என்பது உரையாசிரியரோடு வாதாட வேண்டிய விஷயம். இரண்டில் எதுவானாலும் மாவைச் சர்க்கரையாக்கும் வேலையை அந்த அடைதான் செய்தது.

இங்கே கவனிக்க வேண்டியது வேறு. ஐரோப்பியர் சூட்டைப் பிடித்துவைக்கப் பாடுபட்டார்கள். இந்தச் செய்முறையில் முதல் வேலையே சூட்டை வெளியேற்றுவது. அகன்ற தட்டு எதற்கு? சீக்கிரம் ஆறுவதற்கு. கொதிக்கிற களியில் அடையைப் போட்டால் அதில் உள்ள உயிர் போய்விடும். ஆறிய களியில் போட்டால், நம் ஊர் வெயிலிலேயே மாவு மெதுவாகச் சர்க்கரையாகும். ஆக ஆக ஈஸ்ட் அதைத் தின்றுகொண்டே வரும். 65 டிகிரியில் ஒரு மணி நேரத்தில் முடிக்கும் வேலையை 30 சொச்சம் டிகிரியில் இரண்டு நாளில் முடிக்கும் வழி இது. சூடு காக்கும் தொட்டி தேவையில்லை, சாடி போதும். இதே பாட்டில் இன்னோர் இடத்தில் வீட்டிலேயே காய்ச்சிய தோப்பி என்ற நெல்லரிசிக் கள்ளும் வருகிறது. வீட்டில் பீர் காய்ச்சுவது மேல்நாட்டிலிருந்து வந்த பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள், உ.வே.சாமிநாதையர் 1889-ல் அச்சிட்ட பத்துப்பாட்டை ஒருமுறை புரட்டலாம்.

புறநானூற்றில் பாரியின் பறம்பைப் பாடும் கபிலர், நிலத்தில் புதைத்து முதிரவைத்த மதுவைக் குடிசைதோறும் தந்ததாகச் சொல்கிறார். பறம்பு, இன்றைய சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலை. நான்கடி ஆழத்தில் மண்ணுக்குள் பகலும் இரவும் அவ்வளவாகத் தெரியாது. வெளியே 40 டிகிரி அடித்தாலும் உள்ளே சாடி நிதானமாக இருக்கும். தமிழ்நாட்டின் முதல் வெப்பக் காப்புத் தொட்டி எது என்று யாராவது கேட்டால், இந்த மண்ணுக்குள் புதைத்த சாடியைச் சொல்லிவிடலாம். அது காத்தது சூட்டை அல்ல என்பதுதான் வேடிக்கை.

நெல்லும் தினையும் பின்வாங்க, காலப்போக்கில் தென்னையும் பனையும் மது என்ற சொல்லையே எடுத்துக்கொண்டன. அரசும் அங்கேதான் கை வைத்தது. பல்லவர் செப்பேடுகளில் வரும் 'ஈழம்பூட்சி' கள்ளிறக்குவோரிடம் வாங்கிய வரி. பிராமணர்களுக்குக் கொடுத்த ஊர்களின் தென்னையிலும் பனையிலும் ஈழவர் ஏறக்கூடாது என்ற நிபந்தனையைச் சோழர் காலச் செப்பேடுகளும் எழுதிவைக்கின்றன. வீட்டு மூலையில் உள்ள சாடியை எண்ணி வரி போடுவது கடினம். மரம் வெட்டவெளியில் நிற்கிறது; எண்ணிவிடலாம்.

மரம் ஏறுவது சாடியில் கலக்குவதுபோல உட்கார்ந்து செய்கிற வேலையும் அல்ல. தை, மாசியில் பாளை விட ஆரம்பித்ததும் ஏறத் தொடங்கி ஆடி வரை போகும். காலில் தளைநார், இடுப்பில் அரிவாள் பெட்டி, மரத்தில் சாய்த்துவைத்து முதல் எட்டு வைக்க முருக்குத்தடி. ஆண்பனைப் பாளைக்கு ஒரு கடிப்பு, பெண்பனைக்கு வேறு கடிப்பு. அதைக் கொண்டு பாளையை நாள்கணக்கில் இதமாக நசுக்கி, நாரால் கட்டி, நுனியைச் சீவ வேண்டும். பிறகு தினமும் இரண்டு வேளை மெல்லிய வில்லையாகச் சீவிக்கொண்டே வந்தால்தான் ஊற்று அடையாது. ஒரு நாள் விட்டால் பாளை காய்ந்துவிடும். அந்த மரத்தில் பட்ட பாடு வீண். ஒருவர் ஒரு நாளில் 30, 40 மரம் ஏறி இறங்குவது சாதாரணம். 1849-ல் கால்டுவெல் திருநெல்வேலிப் பனையேறிகளைப் பற்றி எழுதிய சிறு நூல் அவர்களை இழித்துப் பேசியதற்காகப் பின்னாளில் கடும் எதிர்ப்பைச் சம்பாதித்தது. ஆனாலும் தேரிக்காட்டு வாழ்க்கை எந்த அளவுக்குப் பனையை நம்பியிருந்தது என்பதற்கு அதுவும் ஒரு ஆவணம்.

கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். இந்த ஒரு விரல் சுண்ணாம்பில்தான் பின்னால் வந்த சட்டங்கள் எல்லாம் தொங்கின. சுண்ணாம்பு காரம், அதில் ஈஸ்ட் தலையெடுக்காது. இறக்கிய பதநீர் விடிலிக்கு வரும். ஓலைக் கூரைக்கடியில், பெரும்பாலும் பனையேறியின் மனைவி, பனை மட்டையையும் காய்ந்த ஓலையையும் எரித்துக் காய்ச்சுவார். பொங்கி வழியப் பார்த்தால் ஆமணக்கு விதையை நசுக்கித் துளி போட்டால் நுரை அடங்கும். வற்றி வற்றிக் கூப்பனியாகி, பாகு பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. சூட்டை அளந்து ஆள்வதில் இந்தப் பெண்களுக்கு இருந்த கைத்திறமை எந்த பீர்க்காரருக்கும் குறைந்ததில்லை. பதத்தை அவர்கள் பார்த்தது தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் உருட்டி.

வெள்ளைக்காரச் சிப்பாய்க்குக் கள் பிடிக்கவில்லை, பீர் கேட்டான். லண்டனிலிருந்து கப்பலில் வந்தது விலை அதிகம். இங்கேயே காய்ச்சலாம் என்றால் சமவெளி வெயிலில் ஊறல் நீர் புளித்துப்போனது. ஈஸ்டுக்குப் பதமான குளிர்ச்சி வேண்டும். ஆகவே தொட்டியைத் தூக்கிக்கொண்டு மலையேறினார்கள். இமயத்தில் கசௌலி, இலங்கையில் நுவரெலியா, இங்கே நீலகிரி. நுவரெலியாவில் சாமுவேல் பேக்கர் 1849-ல் தொடங்கியதிலிருந்து இலங்கை பீரின் கதை ஆரம்பமாகிறது. தென்னிந்தியாவின் பழைய ஆலைகளில் ஒன்றான கேஸில் ப்ரூவரி 1857-ஐச் சேர்ந்தது. 1915-ல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அதையும் சேர்த்து ஐந்து சிறு ஆலைகளை ஒன்றாக்கியதுதான் யுனைடெட் ப்ரூவரீஸ். அந்நாளில் பெரிய மரப் பீப்பாய்களில் நிரப்பி மாட்டுவண்டியில் பாளையங்களுக்கு அனுப்பினார்கள். 1947-ல் விட்டல் மல்லையா அதன் முதல் இந்திய இயக்குநரானார்.

மலையேற முடியாதவர்கள் குளிரைக் கீழே வரவழைத்தார்கள். 1833-ல் பாஸ்டன் வியாபாரி ஃபிரடெரிக் டியூடரின் 'டஸ்கனி' கப்பல் 180 டன் ஏரிப் பனிக்கட்டியுடன் புறப்பட்டு நான்கு மாதம் கழித்துக் கல்கத்தா வந்து சேர்ந்தபோது ஏறத்தாழ 100 டன் உருகாமல் இருந்தது. இரட்டைச் சுவர், நடுவில் மரத்தூள், வைக்கோல். அவ்வளவுதான் தொழில்நுட்பம். சென்னைக் கடற்கரையில் 1842-ல் அவர் கட்டிய ஐஸ் ஹவுஸ் இன்று விவேகானந்தர் இல்லம். பின்னர் கார்ல் வான் லிண்டே 1870-களில் மியூனிக் பீர் ஆலை ஒன்றுக்குக் குளிரூட்டும் இயந்திரம் செய்து கொடுத்தார். அதன் பிறகு பீர் ஆலைக்கு மலையும் தேவைப்படவில்லை, அமெரிக்க ஏரியும் தேவைப்படவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் இதெல்லாம் எட்டவில்லை. இங்கே அரசாங்கம் வந்தது மரவரியாக. 1886-ஆம் ஆண்டு மதராஸ் ஆப்காரி (கலால்) சட்டத்தின் கீழ் சீவுகிற மரத்துக்கு மரக்கணக்கில் வரி, விற்கிற கடைக்கு ஏலம். ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டம் அப்போது திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. 1910-ல் ராமநாதபுரம் ஜில்லா உருவானபோது அங்கே மாறியது. மாகாண வருமானத்தில் ஏறத்தாழ கால் பங்கு ஆப்காரியிலிருந்து வந்த காலம் உண்டு. 1921-ல் காந்தி இயக்கம் கள்ளுக்கடை மறியலைக் கையில் எடுத்ததற்கு ஒழுக்கம் மட்டும் காரணமில்லை. சர்க்காரின் பணப்பெட்டி அங்கேதான் இருந்தது. பெரியார் தம் தோப்பில் தென்னைகளையே வெட்டிச் சாய்த்தது அந்த நாட்களில்.

1937-ல் ராஜாஜி மதுவிலக்குச் சட்டம் கொண்டுவந்து, அக்டோபர் 1 அன்று சேலம் ஜில்லாவில் தொடங்கினார். போன வருமானத்தை ஈடுகட்ட 1939-ல் பொது விற்பனை வரி வந்தது. கள்ளுக்கடையில் நின்றவர் கொடுத்த காசை, மளிகைக் கடையில் நின்றவர் கொடுக்க ஆரம்பித்தார். போர்க்காலத்தில் நின்றுபோன மதுவிலக்கு 1946-க்குப் பிறகு ஜில்லா ஜில்லாவாகத் திரும்பி, 1948 அக்டோபர் 2-ல், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில், மாகாணம் முழுவதையும் பிடித்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் அவர் விலக, முதலமைச்சர் நாற்காலிக்கு வந்தவர் ராஜபாளையத்துக்காரர்: பூ.ச.குமாரசாமி ராஜா. 1952 ஏப்ரல் வரை, முழு மதுவிலக்கின் முதல் சில ஆண்டுகளை நடத்திக் காட்டும் பொறுப்பு அவர் தலையில். தம் வீட்டையே காந்தி கலைமன்றத்துக்குக் கொடுத்துவிட்ட காந்தியவாதிக்கு அது கசந்திருக்காது. ஆனால் அவருடைய ஊரைச் சுற்றியே பனையேறிகள் கள்ளை விட்டுப் பதநீருக்கும் கருப்பட்டிக்கும் மாற வேண்டியிருந்தது. பதநீர் இறக்கவும் அனுமதி. கலயத்தில் சுண்ணாம்பு இருக்கிறதா என்று பார்க்கவும் ஆள். கள்ளாக விற்றால் ஏறி இறங்கியதோடு வேலை முடியும். கருப்பட்டி என்றால் விறகு, அடுப்பு, வீட்டுப் பெண்களின் பகல் முழுக்க எல்லாம் சேர வேண்டும். மதுவிலக்கின் வரவுசெலவுக் கணக்கில் இந்த விறகும் பகலும் ஏறவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது ஊஞ்சல் ஆட்டம். 1971-ல் கருணாநிதி திறந்தார், 1974-ல் மூடினார். 1981 மே மாதம் எம்.ஜி.ஆர். மறுபடி கள்ளும் சாராயமும் அனுமதித்தார். 1983-ல் டாஸ்மாக் பிறந்தது. 1987 ஜனவரி 1-லிருந்து கள்ளும் சாராயமும் திரும்ப நின்றன. கள்ளைப் பொறுத்தவரை அந்தத் தடை இன்றும் நிற்கிறது. 2003 நவம்பரிலிருந்து சில்லறைக் கடையையும் டாஸ்மாக்கே நடத்துகிறது. ஆக, வன்னியம்பட்டியில் ஒருவர் தம் பனையில் இறக்கிய, சுமார் 5 சதம் ஆல்கஹால் உள்ள கள்ளைக் குடித்தால் குற்றம். ஊர் விட்டு ஊர் வந்த பார்லியில் ஆலை காய்ச்சி, புட்டியில் அடைத்து, அதே அளவு ஆல்கஹாலுடன் அரசுக் கடையில் விற்கும் பீரை வாங்கினால் குற்றமில்லை. தடைக்கு ஆதரவாக ஆயிரம் சொல்லலாம். கலப்படக் கள் கண்ணையும் உயிரையும் பறித்த சம்பவங்கள் கட்டுக்கதை அல்ல. இருந்தாலும் இந்த ஏற்பாட்டில் மரத்தின் பக்கம் நியாயம் குறைவாகத்தான் தெரிகிறது.

மரம் மூடப்பட்ட காலங்களில் ஊறல் பானை தானாகத் திரும்பி வந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து ஓடைகள், கருவேலங்காடு, தோப்புகளின் ஓரம். மண்பானை போய் பிளாஸ்டிக் பேரல். தானியம் போய் வெல்லம், வேலம்பட்டை. கபிலர் காலத்துச் சாடியைப் போலவே இதையும் மண்ணில் புதைத்தார்கள். நோக்கம் பக்குவம் அல்ல, போலீஸ். பேரலை உடைத்து ஊறலைத் தரையில் கொட்டுகிற புகைப்படம் தமிழ் நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் நிரந்தர இடம் பிடித்தது.

கடலுக்கு அப்பால் நடந்தது வேறு. பிரிட்டனில் 1880-ல் கிளாட்ஸ்டன் வீட்டில் பீர் காய்ச்ச உரிமம் வேண்டும் என்று வைத்ததை, 1963-ல் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் தூக்கினார். அமெரிக்காவில் 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்டு வீட்டு பீருக்கு வரியிலிருந்து விலக்கு அளித்தார். அதுவரை திருட்டுத்தனமாகச் செய்தவர்கள் பகிரங்கமாகக் கருவி செய்ய ஆரம்பித்தார்கள். சார்லி பபேசியன் 1984-ல் வெளியிட்ட கைந்நூலில், ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு பிளாஸ்டிக் வாளி, உள்வாளியின் அடியில் நூற்றுக்கணக்கான துளை என்று மலிவான வடிதொட்டி ஒன்றைச் சொல்லிக்கொடுத்தார். சூடு காக்க அதற்குப் போர்வை சுற்ற வேண்டியிருந்தது. அடுத்து வந்தவர்கள் கண்ணில் பட்டது சுற்றுலாவுக்குக் கொண்டுபோகும் ஐஸ் பெட்டி.

குளிரைக் காக்கச் செய்த பெட்டி சூட்டையும் காக்கும். வெப்பத்தை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் விடாததுதான் அதன் வேலை, எந்தப் பக்கம் என்பது அதற்கு ஒரு பொருட்டில்லை. இரண்டு பிளாஸ்டிக் சுவர், நடுவில் பாலியூரிதேன் நுரை. ஜெர்மனியில் ஓட்டோ பையர் பாலியூரிதேனைக் கண்டுபிடித்தது 1937-ல். ராஜாஜி மதுவிலக்கு கொண்டுவந்த அதே ஆண்டு. பெட்டியின் அடியில் இருக்கும் குழாயைக் கழற்றிவிட்டு அங்கே ஒரு பால்-வால்வு பொருத்துகிறார்கள். உட்புறத்தில், தண்ணீர்க் குழாய் இணைப்பின் மேல் பின்னியிருக்கும் எஃகு வலைச் சட்டையை உருவி எடுத்து, நுனியை மடக்கி, வால்வோடு மாட்டுகிறார்கள். முழு வடிகட்டியும் அவ்வளவுதான்.

வேலை தொடங்குமுன் பெட்டிக்குள் வெந்நீர் ஊற்றிப் பத்து நிமிடம் மூடிவைத்துக் கொட்டுவார்கள். இல்லாவிட்டால் பெட்டியின் சுவரே முதல் சூட்டைக் குடித்துவிடும். தானியம் ஆறிக் கிடப்பதால் ஊற்றும் நீர் கொஞ்சம் கூடுதல் சூட்டில் இருக்க வேண்டும். 15 டிகிரி அறையில் இருந்த 5 கிலோ தானியத்தில் 15 லிட்டர் ஊற்றி 66-ல் நிறுத்த, நீர் 73 டிகிரி வேண்டும். கோடையில் ராஜபாளையம் போல 35 டிகிரி அடிக்கும் ஊரில் செய்தால் 70 போதும். கட்டி தட்டாமல் துழாவி மூடினால், ஒரு மணி கழித்துத் திறக்கும்போது ஒரு டிகிரியோ இரண்டோதான் இறங்கியிருக்கும். வால்வைத் திறந்ததும் முதலில் வருவது கலங்கல். அதை ஒரு குவளையில் பிடித்துத் திரும்ப மேலேயே மெதுவாக ஊற்ற வேண்டும். இரண்டு மூன்று முறை ஊற்றியதும் தானியத்தின் உமி தானே படிந்து படுகையாகி, வருகிற நீர் தெளிந்துவிடும். வலை பெரிய சல்லடை மட்டும். உண்மையான வடிகட்டி உமிதான். வலைஞர் வீட்டுச் சாடிக்கு உமி உதவியிருக்காது, அரிசியை அவித்துக் களியாக்கிவிட்டார்களே. அங்கே விரல்தான் வடிகட்டி.

தமிழ் பேசும் நாடுகளில் இதை வெளிப்படையாகச் செய்ய இடம் தருவது சிங்கப்பூர். 2004-லிருந்து அங்கே ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை சொந்த உபயோகத்துக்குக் காய்ச்சலாம். பக்கத்து மலாயாவில் ரப்பர்த் தோட்டத் தமிழர்களுக்கு எஸ்டேட் நிர்வாகமே கள்ளுக்கடை வைத்துக் கூலியைத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தது. 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தில் அந்தக் கடைகளை மூடு என்பது ஒரு கோரிக்கை. தமிழ்நாட்டிலோ உரிமமின்றி எந்த மதுவையும் தயாரிக்க 1937-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தரவில்லை. சாராயமா, கள்ளா, ஐஸ் பெட்டியில் ஊறிய பார்லியா என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. சட்டத்துக்கு உட்பட்ட ஐஸ் பெட்டி ஒன்று வேறு வழியாக வந்து மரத்தில் ஏறியது.

காசர்கோட்டில் உள்ள மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் தென்னம்பாளைக்காக ஒரு சிறு கருவி செய்தது. வெப்பக் காப்பு உறை போட்ட பிளாஸ்டிக் குழாய். அதன் ஒரு முனை அகன்று பெட்டி போல இருக்கும். பெட்டிக்குள் சேகரிக்கும் பை, அதைச் சுற்றி ஐஸ் துண்டுகள். பாளையிலிருந்து சொட்டும் நீர் அந்தக் கணமே குளிர்ந்துவிடுவதால் ஈஸ்ட் வேலை தொடங்குவதில்லை. சுண்ணாம்பு தேவையில்லை, சுண்ணாம்பின் வாடையும் இல்லை. இப்படி இறக்கியதற்குக் 'கல்பரசா' என்று பெயர் வைத்தார்கள். தமிழ்நாடு அரசும் 2017-ல் விதி வகுத்துத் தென்னையில் நீரா இறக்க அனுமதித்தது; புளிக்காத வரைதான் அது நீரா, புளித்தால் கள், பிறகு மதுவிலக்குச் சட்டம்.

பனைக்கு அந்த வசதி இன்னும் சரியாகக் கைகூடவில்லை. தென்னந்தோப்பில் ஓர் ஆள் சில மரங்களுக்கு ஐஸ் சுமந்துபோய் மாற்றிவிட்டு வரலாம். கரிசலில் சிதறி நிற்கும் பனையில் 40 மரத்துக்கு ஐஸ் தூக்கி ஏறுவது நடக்கிற காரியமில்லை. காலையில் வைத்த ஐஸ் சித்திரை வெயிலில் சாயங்காலம் வரை தாங்கவும் தாங்காது. ஆகவே பனையேறிகள் சுண்ணாம்பை விடவில்லை. 2021-ல் வந்த முதல் வேளாண் பட்ஜெட் பனைவிதை நடவும், ஆட்சியரின் அனுமதியின்றிப் பனை வெட்டக்கூடாது என்ற கட்டுப்பாடும் அறிவித்தது. நட்ட விதை பாளை விட 12, 15 ஆண்டு ஆகும். கோடை தொடங்கினால் சாலையோரத்தில் பதநீர் பானை வைத்து, ஓலையை மடித்துப் பட்டை பிடித்து ஊற்றிக் கொடுப்பவர்கள் காலை 10 மணிக்குள் விற்று முடித்துவிடப் பார்ப்பார்கள். அதற்கு மேல் வாங்க வருகிறவர்கள் முதலில் முகர்ந்துதான் பார்ப்பார்கள்.